டட்சன்: ஒரு பெயரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

பேரரசுகளுக்கு வரலாறு உண்டு. அதுபோலவே ஆலைகளில் பிறந்து மக்களின் அன்றாட வாழ்வில் கலந்துவிட்ட பொருள்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு பெயர் நன்மதிப்புப் பெறுவது எவ்வாறு, அம்மதிப்பை இழப்பது எவ்வாறு என்பதற்கு ஜப்பானிய மகிழுந்தான டட்சன் நல்லதொரு சான்று.

1911ஆம் ஆண்டில் மசுஜிரோ ஹாஷிமோட்டோ என்னும் பொறியாளர் தோக்கியோவில் ஒரு சிறு தொழிற்கூடத்தைத் தொடங்கினார். அவருக்குப் பொருளுதவி செய்தோர் டென், அவோயாமா, தாக்கேயுச்சி ஆகிய மூவர். 1914இல் உருவான மகிழுந்துக்கு அம்மூவர் பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'டாட்' எனப் பெயரிடப்பட்டது. ஆக, அது நன்றியுணர்விற் பிறந்த பெயர். 1931இல் அதனினும் சிறிய வண்டியொன்று உருவாயிற்று. மகனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இணைத்து அதனை 'டாட்சொன்' என்றனர். ஆனால் 'சொன்' என்னும் ஒலி ஜப்பானிய மொழியில் இழப்பைக் குறிக்கும். எனவே, அடுத்த ஆண்டே கதிரவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்து 'டட்சன்' என மாற்றினர்.

யோஷிசுகே அயுக்காவா என்னும் தொழிலதிபர் இம்முயற்சியைத் தம் பொறுப்பில் ஏற்று, 1933இல் புதிய நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1934இல் அது நிசான் எனப் பெயர் பெற்றது. 1935இல் யோக்கஹாமா ஆலையிலிருந்து டட்சன் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. நிறுவனத்தின் பெயர் நிசான். மக்கள் அறிந்த பெயரோ டட்சன்.

போருக்குப்பின் நலிந்திருந்த ஜப்பானியத் தொழிலை உலகம் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், 1958இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றி நடந்த கடினமான நெடும்பயணப் போட்டியில் டட்சன் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் யுத்தாக்கா கத்தாயாமா என்னும் அலுவலர் ஊர் ஊராகச் சென்று விற்பனையாளர்களைத் தேடிப் பிடித்தார். 1967இல் வெளிவந்த '510' வகை விலையிற் குறைந்தது. ஆயினும், ஐரோப்பிய வண்டிகளிற் காணப்பட்ட, பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு அதில் இருந்தது. 1969இல் தோன்றிய '240 இசட்' விளையாட்டு வண்டி பெரும்புகழ் ஈட்டியது. 1973இல் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, குறைந்த எரிபொருளில் நெடுந்தொலைவு ஓடும் டட்சனை மக்கள் விரும்பி வாங்கினர்.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் சுவடு உண்டு. 1957இல் டான் சோங் நிறுவனம் இங்கு டட்சன் விற்பனையைத் தொடங்கியது. 1976இல் செகாம்புட்டில் மகிழுந்துகளைப் பொருத்தும் ஆலையையும் அமைத்தது. '120 ஒய்' வகையை நம் மூத்த தலைமுறையினர் நன்கறிவர்.

இத்தகைய புகழின் உச்சியில், 1981இல், உலகெங்கும் ஒரே பெயரால் விளங்க வேண்டும் எனக் கருதி, டட்சன் என்னும் பெயரைக் கைவிடுவதாக நிசான் அறிவித்தது. 1986க்குள் அப்பெயர் சந்தையிலிருந்து மறைந்தது. நிறுவனத்தின் நோக்கில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால், வாங்குவோர் மனத்தில் கால் நூற்றாண்டாக வேரூன்றியிருந்த நம்பிக்கை புதிய பெயருக்கு ஒரே நாளில் மாறிவிடுமா?

அப்பெயரின் அருமையை நிறுவனமே பின்னர் உணர்ந்தது போலும்! 2012இல் டட்சன் மீண்டும் வரும் என அறிவித்தது. 2014இல் 'டட்சன் கோ' வகை இந்தியாவில் 4 இலட்சம் ரூபாய்க்கும் குறைந்த தொடக்க விலையில் வெளிவந்தது. சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் அது உருவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் வெளியான குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனை முடிவில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு அவ்வண்டி ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. காற்றுப்பைகளைப் பொருத்தினாலும் பயனில்லை எனுமளவுக்கு அதன் உடற்கட்டு வலுவிழந்திருந்தது. 2020இல் இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் டட்சன் நின்றது. 2022 ஏப்ரலில் இந்தியாவிலும் அதன் உற்பத்தி முடிவுற்றது.

பழைய டட்சனும் மலிவானதே. ஆனால், கொடுத்த காசுக்கு மேலாகவே உழைத்தது. அதனாலேயே மதிப்புப் பெற்றது. புதிய டட்சனுக்கு வாய்த்தது அப்பெயர் மட்டுமே. பெயரை மீட்டெடுக்க ஓர் அறிவிப்பு போதும். அப்பெயருக்குப் பின்னிருந்த உழைப்பை அவ்வாறு மீட்க இயலாது. நிறுவனத்திற்கு உரிய இப்பாடம் பள்ளிக்கும் உரியது, மாணவர்க்கும் உரியது. முன்னோர் ஈட்டிய நற்பெயர் நமக்குக் கிடைத்த முதல். அதனைச் செலவழித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தீர்ந்துபோகும்.