ஓலைக் கணக்கு முதல் பட்டா வரை



விதை, உரம், பூச்சி மருந்து என்று எத்தனையோ பேசியாச்சு. இன்றைக்கு உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பட்டாக் காகிதத்தின் கதையைக் கொஞ்சம் பேசலாமுங்க.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த பூமி அது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தார்கள். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க வரும்போது, "என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள்?" என்பதா முதல் கேள்வி? இல்லீங்க. "பட்டா யார் பேரிலே?" என்பதுதான். பேர் இருந்தால் இழப்பீட்டுக்கு வழி சுலபம். பேர் இல்லாதவர், தலைமுறையாக உழுதிருந்தாலும், அதை மெய்ப்பிக்க அலைய வேண்டும்.

ஒரு காகிதத்துக்கு இவ்வளவு பலம் எப்படி வந்தது? அதற்குப் பழைய செங்கல்பட்டுச் சீமைக்கே போகணும்.

ஆற்காடு நவாப் 1763-ல் இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். எவ்வளவு வரி எடுக்கலாம் என்று கம்பெனிக்குத் தெரிய வேண்டுமே! தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களுக்குக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, ஏரி எத்தனை, வீடு எத்தனை என்று எல்லாம் அதில் உண்டு. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. களத்தில் கிடக்கிற நெல்லில் யார் யாருக்கு என்ன பங்கு என்றும் எழுதியிருக்கிறார்கள். கோயிலுக்கு இவ்வளவு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதருக்கு இவ்வளவு, மடை பார்க்கிறவருக்கும் வெட்டியானுக்கும் இவ்வளவு என்று கணக்கு. வரிக்காக எடுத்த கணக்குதான். ஆனாலும் ஊரில் இருந்த பலருடைய பங்கும் அதில் ஏறிவிட்டது.

பிறகு ரயத்துவாரி முறை வந்தது. 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ அதை நிலைநிறுத்தினார். அரசாங்கம் வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் நேரடியாகப் பட்டா கொடுத்தது. 1858-க்குப் பிறகு வயல் வயலாக அளந்து சர்வே நம்பர் போட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டாவில் ஏறியது வரி கட்டுகிறவர் பேர் மட்டுமே. களத்தில் மரக்கால் நெல் வாங்கிய உழைப்பாளியின் பேருக்கு அதில் இடம் இல்லை. தரிசு நிலம் கேட்டு அவர் மனுப் போட்டாலும், "எங்களுக்குத்தான் முதல் உரிமை" என்று மிராசுதார்கள் குறுக்கே நின்றார்கள்.

இதைச் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் நேரில் கண்டார். ஆதிதிராவிட மக்களுக்கு நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று 1891-ல் ஓர் அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30-ம் தேதி அரசாணை 1010 பிறந்தது. 'பஞ்சமி நிலம்' என்கிறோமே, அதற்கு மூலம் இதுதான். முதல் பத்து வருஷம் அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே கொடுக்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள்.

எழுதிவிட்டால் போதுமா? காகிதம் ஆபீசில் இருந்தது. நிலம் பல ஊர்களில் கைமாறிப் போனது. மாமல்லபுரம் பக்கத்தில் உள்ள காரணை கிராம மக்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டுப் போராடினார்கள். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து இரண்டு உயிர்கள் போயின. நூறு வருஷத்துக்கு முந்திய ஓர் அரசாணைக்காக என்றால், அந்தக் காகிதத்தின் அருமையை எண்ணிப் பாருங்கள்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. சட்டத்தின் அதிகாரமின்றி யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்ற 300-ஏ பிரிவு அந்த இடத்துக்கு வந்தது. நிலம் எடுப்பதற்கோ வெள்ளைக்காரர் காலத்து 1894-ம் வருஷச் சட்டம்தான் 2013 வரை நடந்தது. 2013-ல் வந்த மத்தியச் சட்டம், நிலம் இல்லாமல் அங்கே மூன்று வருஷமாக வேலை செய்து பிழைத்த கூலியாளையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றுக்கொண்டது. ஓலையில் இருந்து பட்டாவில் விடுபட்டவர், இத்தனை காலத்துக்குப் பிறகு மறுபடி எழுத்தில் ஏறியிருக்கிறார்! தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க 1997-ம் வருஷச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டப்படி வந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

இப்போது உங்கள் பெட்டியைத் திறங்க. பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறதா? வாரிசுச் சான்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சர்வே நம்பரும் பரப்பும் கிரயப் பத்திரத்தோடு ஒத்துப் போகிறதா? வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பேர் மாறிவிட்டது, பஞ்சமி நிபந்தனை விடுபட்டுவிட்டது என்ற குறை பல ஊர்களில் உண்டு. அப்படி ஐயம் இருந்தால், அதற்கு முந்திய 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. வருஷா வருஷம் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும்போது மனுக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

படிக்கத் தெரிந்த பிள்ளையை இன்று ராத்திரியே பக்கத்தில் உட்காரவைத்து, பட்டாவை ஒரு தரம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் இப்போதே திருத்தலாம். நோட்டீஸ் வந்த பிறகு ஓடினால் கால்தான் வலிக்குமுங்க.