நாற்சந்தியில் ஓர் அடுப்பு

மாலை நேரத்தில் சிதம்பரம், கடலூர்க் கடைத்தெருக்களில் நடந்தால், பரோட்டாக் கல் தெருவைப் பார்த்தே போடப்பட்டிருப்பதைக் காணலாம். மாவை வீசும் கையும் கல்லில் எழும் ஆவியுமே கடைக்கு விளம்பரம். புதிதாகக் கட்டுவோர் கண்ணாடிச் சுவரும் அகன்ற படிக்கட்டும் வைக்கிறார்கள். எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் ஓர் உணவகம் எந்த அளவுக்குத் திறந்தது என்பதைத் தெருவில் நின்று அளக்க முடியாது. பந்தி எப்படிப் போடுகிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். முன்பு சிதம்பரத்துக்கு ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடந்து வந்தவர்களுக்குச் சத்திரங்கள் தங்க இடம் தந்தன. திண்ணை அகலமாக இருந்தது; உள்ளே பல சத்திரங்களில் சாதி பார்த்தே இலை விழுந்தது. ரயில் வந்தும் அது உடனே மாறிவிடவில்லை. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம் என்ற ஏற்பாடு பெரியாரின் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் நீங்கியது.

இந்தப் பின்னணியில் வடலூரைப் பார்க்க வேண்டும். கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் சந்திக்கும் ஊர் அது. பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த நிலத்தில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 21 அடி நீளமுள்ள அதன் அடுப்பு அன்றுமுதல் அணையவில்லை. அவரே எழுப்பிய சத்திய ஞானசபையில் 1872 தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கியது. கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம் என்று சபை வாசலில் நிபந்தனை உண்டு. தருமச்சாலையின் வாசலிலோ பசி ஒன்றே போதும். கட்டியவர் ஒருவர், ஊரும் ஒன்று. வாசல் மட்டும் இரண்டு விதம். எந்த இடத்தில் நிபந்தனை வைக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று தெளிந்து வகுத்த திட்டம் இது.

தருமத்துக்குப் போடும் சோற்றை வியாபாரத்தோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். உணவகம் வாடகையும் கூலியும் கொடுத்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த ரயில் நிலையங்களில் பணம் கொடுத்துச் சாப்பிட வந்தவரைத்தான் பிரித்து உட்கார வைத்தார்கள். ஆளைப் பிரித்தது விலையன்று, பிறப்பு. குளிரூட்டிய அறைக்குக் கூடுதல் விலை வைப்பதை இதோடு சேர்த்துப் பேசுவது நியாயமாகாது. அந்த விலையைக் கொடுக்கும் எவரும் அங்கே உட்காரலாம். ஆகவே நெரிசலான தெருவில் உணவகம் கட்டுபவர் கண்ணாடியின் அளவைத் தீர்மானிக்கும் முன், யார் இந்தப் படியேறத் தயங்குவார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தயக்கத்தைப் போக்கும் வாசலே திறந்த வாசல்.