மகர்நோன்புப் பிள்ளைகள்

நம் குழந்தைகள் படிக்கிற ஆங்கில வாசகப் புத்தகங்களில் அக்டோபர் மாதத்துக்கென்று அமைந்த பாடத்தைத் திறந்து பார்த்தால், செந்நிறமும் பொன்னிறமுமான இலைகள் உதிர்ந்து கிடக்கும் ஒரு சாலையும், அவற்றைப் பொறுக்கிவந்து காகிதத்தில் ஒட்டி மகிழும் சீமைக் குழந்தைகளும் சித்திரத்தில் காட்சியளிப்பதைக் காணலாம். அதே மாதத்தில் இராமநாதபுரம் சீமையில் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்குகிற பிள்ளையின் கண்ணில் படுவனவோ, அசையாது நிற்கும் பனைகளும், உடைமரங்களும், புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு மேகத்தை எதிர்பார்த்துக் கிடக்கும் வயல்களும், வடகிழக்கே மெல்லக் கறுக்கத் தொடங்கும் வானமுமே. இங்கே வேம்பும் அரசும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். ஆதலால் ‘இலையுதிர் காலம்’ என்று நாம் இப்போது சரளமாக எழுதும் தொடர் மொழிபெயர்ப்பில் பிறந்ததேயன்றி மண்ணில் பிறந்ததன்று. ஆவணி புரட்டாசியைக் கார் என்றும், ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும் நம் முன்னோர் பகுத்தார்கள். இந்த அக்டோபரையொட்டிய பருவத்தை வடமொழியார் சரத் ருது என்றார்கள். அந்தச் சரத் காலத்தில் வருவதனாலேயே புரட்டாசி நவராத்திரிக்குச் சாரதா நவராத்திரி என்று பெயர் வந்தது.

இந்தப் பருவத்தில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நம் பழைய உபாத்தியாயர்கள் என்ன செய்தார்கள் என்று விசாரிப்பது சுவையான காரியம். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றவுடன் பிரம்பும் கோதண்டமும் குட்டும் கிள்ளும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. அவை இருந்தன என்பதில் ஐயமில்லை, அவற்றுக்காக வக்காலத்து வாங்கவும் நான் முன்வரவில்லை. ஆனால் ஆண்டில் ஒன்பது பத்து நாட்களாவது அந்தப் பள்ளிக்கூடம் திண்ணையை விட்டிறங்கி, வீதியையே வகுப்பறையாக்கிக்கொண்டு ஆடியும் பாடியும் திரிந்தது என்பதையும் அந்தக் கணக்கிலே சேர்க்கவேண்டும்.

அதற்குக் காரணம் முதலில் வயிற்றுப்பாடு. சென்னை மாகாணத்துக் கல்வி நிலையை அறிய வேண்டி 1822-ல் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ ஜில்லாக் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். வந்து சேர்ந்த கணக்கின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிக்கூடங்களும், அவற்றில் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். அவர்களில் பெண்கள் 4,540 பேரே. 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பிலே, உபாத்தியாயர்களின் வருவாய் பொதுவாக மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேற்படுவதில்லை என்றும், தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாதென்றும் கண்டிருக்கிறது. அந்த ஆறு ஏழும் ஒரே கையிலிருந்து ரொக்கமாக வருவதன்று. ஒரு வீட்டில் கால் ரூபாய், ஒரு வீட்டில் படி நெல், மற்றொரு வீட்டில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பிள்ளை கொண்டுவரும் வாவுக் காசு என்று சிறுகச் சிறுகச் சேர்வது. மழையை நம்பிய இராமநாதபுரம் போன்ற பூமியில், விளைந்தால் உபாத்தியாயர் வீட்டில் அடுப்பெரியும். பொய்த்தால் குடியானவனோடு அவரும் பட்டினி. புரட்டாசி மாதமோ பழைய நெல் குதிரின் அடியைத் தொட்டுவிட, புது நெல் இன்னும் தைக்கு அப்பால் நிற்கிற காலம். அந்தச் சமயத்தில்தான் நவராத்திரி வந்தது.

அதைச் சொல்லுமுன் அன்றாடப் பள்ளியைச் சற்றே பார்த்துவிடலாம். புதிதாய் வந்த பிள்ளை மணலைப் பரப்பி விரலால் எழுதும். கை படிந்த பின்னரே ஏடும் எழுத்தாணியும். பனை மலிந்த சேதுநாடாகிய இராமநாதபுரம் சீமையில் ஓலைக்குப் பஞ்சமில்லை; கடற்கரை ஊர்களில் மணலுக்கோ கேட்கவே வேண்டாம். மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக்கொடுப்பான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி ஒரு பக்கம், எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாற்று மறுபக்கம், யாவும் மனப்பாடம். ஆனால் மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவதும், மறுநாள் காலையில் அவற்றை அவன் மறவாது ஒப்பிப்பதும் உண்டென்று டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது தஞ்சை நாட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. ஆயினும் வழியெல்லாம் ஒரு பறவையின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பும் சிறுவனை எந்தச் சீமையிலும் கற்பனை செய்துகொள்ளலாம்.

இந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறியதும் ஒரு விநோதமான கதை. சென்னை எழும்பூரில் 1789 முதல் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். தாம் சொன்னதைச் செய்ய மறுத்த ஆசிரியர்களைக் கொண்டு மாரடிக்காமல், மாணாக்கனைக் கொண்டே மாணாக்கனுக்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் சட்டாம்பிள்ளை சீமையில் பட்டம் பெற்று நிற்க, ஊரில் அவனுக்குக் கெட்ட பெயரே மிஞ்சியது!

இனி நவராத்திரிக்கு வருவோம். பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பே பள்ளிக்கூடத்தின் தொனி மாறிவிடும். எண்சுவடி முழங்கிய இடத்தில் கோலாட்டக் கழிகளின் ஓசை கேட்கும். உபாத்தியாயர், கவி புனையும் சக்தி சிறிதேனும் உடையவராயின் தாமே பாட்டுக் கட்டுவார். இல்லாவிடின் தம் உபாத்தியாயரிடம் பாடமான பாட்டை எடுத்துக்கொடுப்பார். ஊர்த் தெய்வத்தின் துதி, கலைமகள் துதி, ஊர்ப் பெரியவர்களுக்கு வாழ்த்து, கடைசியில் உபாத்தியாயரின் நிலையை நாசூக்காய் எடுத்துச் சொல்லி வெகுமதி வேண்டுகிற சில அடிகள் என்று அப்பாட்டுகள் அமையும். சங்கோசப்பட்டு வாய் திறவாத பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து பாடும். எண்ணில் தடுமாறுகிறவன் தாளத்தில் தடுமாறமாட்டான். நாள் வந்ததும், பெட்டியிலிருந்த பட்டையும் நகையையும் தாய்மார் எடுத்துப் பூட்டிவிட, பிள்ளைகள் வரிசையாய் வீடு வீடாகச் செல்வார்கள். ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு கோலாட்டம், ஒரு பாட்டு. வீட்டுக்காரர் உபாத்தியாயருக்குப் பணமோ வேஷ்டியோ அளிப்பார். பிள்ளைகளின் கையில் அவலும் பொரிகடலையும் விழும். ஆந்திர தேசத்திலும் தசராவில் பிள்ளைகள் வில்லம்பு ஏந்திப் பாடி வர, பந்துலு என்னும் உபாத்தியாயருக்குத் தட்சிணையும் பிள்ளைகளுக்குப் பருப்பும் வெல்லமும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஊர் கூடி ஓராண்டுக் கல்வியைக் கண்ணாலும் காதாலும் பரிசோதித்து, பரிசோதித்த கையோடு சம்பளமும் கொடுத்த ஏற்பாடு இது. பிற்காலத்து இன்ஸ்பெக்டர் பரீட்சையைவிட இது மட்டமானதென்று நான் ஒப்பமாட்டேன்.

இவ்விழாவுக்கு மானம்பூ என்றும் மகர்நோன்பு என்றும் பெயர். மகாநோன்பு என்பதன் திரிபென்பர். யாழ்ப்பாணத்தார் விஜயதசமியில் வாழை வெட்டும் விழாவை இன்றும் மானம்பூ என்றே வழங்குகிறார்கள். இராமநாதபுரத்திலோ அப்பெயர் ஒரு திடலுக்கே நிலைத்துவிட்டது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவே, மைசூர்ப் படை மதுரையை நோக்கி வந்தபோது, நோயில் கிடந்த திருமலை நாயக்கருக்கு உதவியாய்ப் பெரும் படையோடு சென்று வென்ற சேதுநாட்டு மன்னர் ரகுநாத சேதுபதிக்கு, நாயக்கர் அளித்த மரியாதைகளுள் ஒன்று, மதுரையிற்போலத் தம் தலைநகரிலும் நவராத்திரியை ராஜாங்க விமரிசையோடு நடத்திக்கொள்ளும் உரிமை. அப்போது தலைநகரம் போகலூர். பின்னர் கிழவன் சேதுபதி அதை இராமநாதபுரத்துக்கு மாற்றி இராமலிங்க விலாசம் என்னும் அரண்மனையை எழுப்பிய பிறகு, அரண்மனையிலுள்ள ராஜராஜேஸ்வரியின் திருமுன்னர் ஒன்பது நாட்கள் கொலுவும் பத்தாம் நாள் அம்பு போடும் விழாவும் அங்கே நிகழலாயின. அம்பு விழுகிற மைதானமே மகர்நோன்புப் பொட்டல். பாஸ்கர சேதுபதி காலத்தில் வித்துவான்களும் சங்கீதக்காரர்களும் அந்த ஒன்பது நாட்களுக்காக நெடுந்தூரத்திலிருந்து வந்து கூடுவார்கள். மன்னர் கொலுவிருந்து புலவனுக்குச் சால்வை போர்த்திய அதே நாட்களில், குடியானவனும் தன் வாசலில் நின்ற உபாத்தியாயருக்கு ஒரு வேஷ்டியைக் கொடுத்தான். அளவு வேறே தவிரச் சம்பிரதாயம் ஒன்றுதான்.

நவமியன்று சுவடிகளெல்லாம் அடுக்கிப் பூஜையில் வைக்கப்படும். அன்று படிக்கலாகாது என்ற விதியைப் பிள்ளைகள் எவ்வளவு பக்தி சிரத்தையோடு அனுசரித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் ஏட்டைப் பிரித்து ஓரிரு அடியேனும் வாசித்தாக வேண்டும். புதிய பிள்ளைகளுக்கு நெல்லைப் பரப்பி, உபாத்தியாயர் கைபிடித்து அகரம் எழுதுவிக்கும் வித்தியாரம்பமும் அன்றுதான்.

கடற்கரையின் மற்றப் பள்ளிகளைப் பற்றி இங்கே விரிக்க இடமில்லை. கீழக்கரை முதலிய ஊர்களில் முஸ்லிம் பிள்ளைகள் திருக்குர்ஆன் ஓதியதும், தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் அங்கே செழித்ததும் தனிச் சரித்திரம். இராமநாதபுரத்தில் 1785-ல் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் ஆங்கிலப் பள்ளி ஏற்பட்டது. தென்னாட்டின் முதல் ஆங்கிலப் பள்ளிகளுள் அது ஒன்று. 1854-ஆம் ஆண்டுக் கல்விச் சாசனத்துக்குப் பின் சர்க்கார் மானியமும், அதோடு வருகைப் பதிவும் கால அட்டவணையும் பரீட்சையும் வந்தன. உபாத்தியாயருக்கு மாதச் சம்பளம் வந்தது நல்லதே. அவர் வாசல்தோறும் நிற்க வேண்டாமலும் போயிற்று. ஆனால் அவரோடு கூடவே பாட்டும் கோலாட்டமும் பள்ளியை விட்டு வெளியேறின. நவராத்திரி, படிப்பின் ஒரு பகுதியாயிருந்தது போய், படிப்பில்லாத விடுமுறையாய் மாறிற்று.

ஆயினும் திண்ணையை விட்டிறங்கும் அந்த வழக்கம் இக்கரையில் முற்றும் அற்றுப்போகவில்லை என்பதற்கு ஓர் அரிய சாட்சியம் இருக்கிறது. 1931 அக்டோபர் 15-ல் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் பத்து வயதுச் சிறுவனாய் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் ஒரு பறவையை வரைந்து, சிறகும் வாலும் தலையும் காட்டி, அது எவ்வாறு பறக்கிறது என்பதை விளக்கினாராம். “விளங்கிற்றா?” என்று கேட்டபோது, விளங்கவில்லை என்று கலாம் எழுந்து சொல்ல, மற்றப் பிள்ளைகளும் அவ்வாறே ஒப்புக்கொண்டார்கள். ஐயர் சினந்துகொள்ளவில்லை, அன்று மாலையே வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பத்தும் இருபதுமாய்க் கூட்டங்கூட்டமாக எழுந்து பறந்த கடற்பறவைகளைக் காட்டி, சிறகை எப்படி அடிக்கின்றன, வாலைத் திருப்பித் திசையை எப்படி மாற்றுகின்றன என்று விளங்க வைத்தார். தம் வாழ்க்கை எந்தத் திசையில் செல்ல வேண்டுமென்பதை அந்த மாலையே தீர்மானித்தது என்று கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், 1939-ல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றில் ஆசிரியர்களைத் திரட்டி, குழந்தை தன் புலன்களாலேயே கற்க வேண்டும் என்று போதித்துக்கொண்டிருந்தார். இராமேசுவரத்து ஐயருக்கோ அவ்வுபதேசத்துக்குப் பதிலாகப் பள்ளியிலிருந்து நடக்கிற தூரத்தில் கடல் இருந்தது. விளங்கவில்லை என்று துணிந்து சொல்லும் மாணாக்கனும் இருந்தான்.

ஐப்பசியில் மழை இறங்கிக் கண்மாய்கள் நிறையத் தொடங்கியதும், அப்பறவைகளின் சுற்றத்தார் இச்சீமையெங்கும் வந்திறங்குவதை இன்றும் காணலாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர், தேர்த்தங்கல் ஆகிய கண்மாய்கள் சரணாலயங்களாயிருக்கின்றன. இவற்றுள் முதலிரண்டும் 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. பருவம் செல்லச் செல்லத் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமில்லா நீரில் பூநாரைகள் நிற்கும். பறவைகளைப் போலவே பழைய பள்ளியின் ஆட்டமும் பாட்டும் திரும்பி வந்திருக்கின்றன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் அட்டைகளையும் ஆட்டபாட்டத்தையும் மீண்டும் வகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டன. கலாமின் பிறந்த நாள் பள்ளிகளில் இளைஞர் எழுச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதில் பேச்சுப் போட்டி உண்டு, கட்டுரைப் போட்டி உண்டு. கடற்கரைக்குப் போகும் வழக்கத்தையும் அதிலே சேர்த்தால் செலவொன்றும் இல்லை.

மகர்நோன்புப் பாட்டுகளின் கதி வேறு. ஊருக்கு ஊர், உபாத்தியாயருக்கு உபாத்தியாயர் வேறாய்க் கட்டப்பட்ட அவை, பெரும்பாலும் பாடின பிள்ளைகளின் நாவோடு நின்றவை. பாட்டனார் பாட்டியார் வாய்மொழியாக அவற்றில் நாலடி கேட்டு வைத்திருப்பவர்கள் முதுகுளத்தூர்ப் பக்கத்திலோ திருவாடானைப் பக்கத்திலோ எவரேனும் இருப்பின், இந்த நவராத்திரிக்குள் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் கொடுத்து உதவவேண்டும்.