கப்பல் ஏறிய மூன்று மூட்டைகள்

அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு, சென்னையிலிருந்து இலங்கை போய்த் திரும்பும் ஒரு சொகுசுக் கப்பலில் ஐந்து இரவுகளுக்குப் பதிவு செய்தோம். டிக்கெட் கைக்கு வந்த அன்றே அக்கா ஒரு எக்ஸெல் ஷீட் திறந்துவிட்டாள். எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு நிற்கும், எத்தனை மணிக்குள் திரும்பி ஏற வேண்டும், எந்த ராத்திரி விசேஷச் சாப்பாடு என்று தனித்தனிப் பத்திகள். அவள் கணக்கு இதுதான். முதல் ராத்திரி வேண்டாம், கடல் பழகாமல் யாராவது வாந்தி எடுப்பார்கள். ஊர் சுற்றிவிட்டு வரும் நாளும் வேண்டாம், கால் வலியில் எதையாவது தின்றுவிட்டுப் படுக்கத்தான் தோன்றும். கப்பல் எங்கும் நிற்காத நடுக்கடல் நாள்தான் கேக் வெட்டவும் தனி மேசை போட்டுச் சாப்பிடவும் சரி.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஷீட்டைப் பார்த்தாள். "இதைத்தான எங்கம்மா மூணு மூட்டையில கட்டிகிட்டுப் போச்சு" என்றாள்.

அம்மாவின் அம்மாவை நாங்கள் ஆயா என்போம். கள்ளக்குறிச்சிப் பக்கம், சின்னசேலத்துக்கு அருகே ஒரு புன்செய் ஊர். 1951இல் கல்யாணம் முடிந்த நான்காம் மாதம், மலாயாவில் ரப்பர் எஸ்டேட்டில் இருந்த தாத்தாவோடு ரஜூலா கப்பலில் ஏறினாள். அதுவரை அவள் கடலையே பார்த்ததில்லை. மேற்கே கல்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்தவள். அந்த மலையில் 1976 வரை ஜாகீர்தார்கள்தான் ஆண்டுகொண்டிருந்தார்கள் என்றால் இன்று பெங்களூரில் என்னோடு வேலை செய்பவர்கள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். மலையிலிருந்து சாமையும் தினையும் தேனும் கடுக்காயும் சந்தைக்கு இறங்கி வரும். கீழே கம்பு, சோளம், கேழ்வரகு, வரகு. அரிசிச் சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அதற்குப் பேரே தனி, நெல்லுச்சோறு. வெறுமனே சோறு என்றால் அது அரிசி இல்லை.

இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் எங்கள் வட்டாரத்தின் கப்பல் வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

1860 அக்டோபர் 12 அன்று ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு சென்னையை விட்டுக் கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் ஒப்பந்தக் கூலிகள் அவர்கள். இப்படிப்பட்ட கப்பல்களின் பட்டியல்களை நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். தொழில் புத்தி, டேபிளைப் பார்த்தால் இல்லாத பத்தியைத்தான் கண் தேடும். ஊரில் என்ன தின்றுகொண்டிருந்தான் என்று ஒரு பத்தி இருந்திருக்கலாம்.

ஆனால் கப்பலில் என்ன தின்றான் என்பதற்கு விதிகள் உண்டு. அரிசி, பருப்பு, நெய் அல்லது எண்ணெய், உப்பு, மஞ்சள், புளி, மிளகாய், வெங்காயம், கருவாடு எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று நிறுத்து எழுதிவைத்தார்கள். நீண்ட பயணம் என்றால் உயிரோடு ஆடுகளும் ஏற்றப்பட்டன. அட்லாண்டிக் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்குப் போன பாய்மரக் கப்பல்கள் கேப் டவுனிலோ செயின்ட் ஹெலினாவிலோ நின்று தண்ணீரும் பச்சைக் காய்கறியும் எடுத்துக்கொண்டன. கப்பலின் மருத்துவருக்கு, உயிரோடு கரையிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று பணம். சாப்பாட்டுப் பட்டியல் துறைமுகத்தைக் கணக்கு வைத்தே போடப்பட்டது, போய்ச் சேரும் துறைமுகத்தை.

இதையும் 1877ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் சேலமும் தென்னார்க்காடும் வட ஆர்க்காடும் செத்துக்கொண்டிருந்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். நாள் முழுக்கக் கல்லுடைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு ஏதோ கொஞ்சம் சில்லறை. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இது போதாது என்று மல்லுக்கு நின்றார். சொந்த மண்ணில் கல்லுடைத்தால் ஒரு பவுண்டு. கப்பலில் சும்மா படுத்திருந்தாலே பருப்பும் நெய்யும் கருவாடும் போட்டுச் சோறு. இரண்டுக்கும் ஒரே அரசாங்கம்தான் விதி எழுதியது. ஆசை காட்டி ஏமாற்றிக் கூட்டிப்போனார்கள் என்று சொல்வோம், உண்மைதான். ஆனால் "தினம் நெல்லுச்சோறு" என்று ஆள்பிடிப்பவன் சொன்னது பொய்யில்லை. பொய் இல்லாததுதான் அதில் பயங்கரம்.

மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணிகள் ஊர் ஊராக வந்தார்கள். தாத்தாவின் அப்பா அப்படி ஒரு கங்காணியோடு போனவர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள் இருந்தன, அக்கரையில் பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல். 1938இல் இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஆயா போனது கூலியாக அல்ல, மனைவியாக.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹம், சிங்கப்பூர். ஆரம்பத்தில் மேல்தளப் பயணிகள் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. அதன் தங்கைக் கப்பலான ரோனா 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் ஜெர்மன் குண்டுக்கு மூழ்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். ரஜூலா போரிலிருந்து தப்பி வந்து மறுபடி எங்கள் ஆட்களை ஏற்றியது.

நாகப்பட்டினத்தில் ஏறினால் படுக்க இடம் கிடைக்காது என்று தாத்தா சென்னைக்கே கூட்டிப்போயிருக்கிறார். டெக்கில் பாய் விரித்த இடம்தான் வீடு. ஆயாவிடம் மூன்று மூட்டைகள்.

முதல் மூட்டையில் புளிச்சோறு, அதுவும் நெல்லுச்சோறு. அதை நாகப்பட்டினம் வருவதற்குள் தின்றாக வேண்டும், இல்லையென்றால் வீணாகிவிடும். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும், படகுகளில் ஆட்களும் வெங்காய மூட்டைகளும் வந்து ஏறும். அந்த நெரிசலில் யாரும் உட்கார்ந்து சாப்பிட முடியாது என்று முன்பே போய்வந்த பெரியம்மா ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டாவது மூட்டையில் எலுமிச்சங்காய் ஊறுகாயும் சுக்கும். கரை மறைந்த பிறகு இரண்டு நாள் வேறெதுவும் தொண்டையில் இறங்காது. மூன்றாவதில் வெல்லமும் தேனும் போட்டு இடித்த தினைமாவு உருண்டை. அது பினாங்குக்கு முந்தின ராத்திரிக்கு. "எறங்குன ஒடனே வூட்டுப் பண்டத்தையெல்லாம் புடுங்கிக் கடல்ல போட்டுருவாங்கன்னு சொன்னாங்க. அதான் அன்னிக்கே எல்லாருக்கும் குடுத்துட்டன்." பக்கத்துப் பாய்க்காரர்கள் தஞ்சாவூர், ராமநாதபுரம். யார் என்ன சாதி என்று அந்த ராத்திரி கேட்கவில்லை என்பதை ஆயா ஒவ்வொரு முறையும் தவறாமல் சேர்த்துச் சொல்வாள். மறுநாள் எஸ்டேட் லயத்தில் முதல் கேள்வியே அதுதானாம்.

நடுவில் கப்பல் சமையலறை போட்ட சாப்பாடு? "மூணு வேளையும் நெல்லுச்சோறுதான். மொத நாளு அழுகையா வந்துது. இவ்ளோ சோத்த வாந்தி எடுத்துட்டமேன்னு."

திரும்பி வந்த கதை சின்னது. 1968இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஊர் திரும்பினார்கள். 1970இல் அதே ரஜூலா, அதே டெக். இந்த முறை மூட்டை எதுவும் கட்டவில்லை. பினாங்கில் கப்பல் நின்றபோது தாத்தா இறங்கிப் போய் ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்தார், அவ்வளவுதான். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. நாகப்பட்டினம் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு பிஸ்கட் என்று ஆயா எண்ணிக் கொடுத்தாளாம். ரஜூலாவை 1973இல் விற்றார்கள், மறு வருடமே உடைத்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியும் முடிந்தது.

அவர்கள் திரும்பி வந்தபோது கள்ளக்குறிச்சி மாறியிருந்தது. கோமுகி அணை வந்திருந்தது, பம்புசெட் கிணறுகள் வந்திருந்தன, கம்பங்கொல்லைகளில் நெல்லும் கரும்பும் நின்றன. கடைசியில் மலைக்கும் நெல்லுச்சோறு ஏறிவிட்டது, ரேஷன் கடை வழியாக. 2011லிருந்து அது இலவசம். சாமை விதைப்பவர்கள் குறைந்துபோனார்கள். நெல்லுச்சோறு என்ற சொல்லையும் இப்போது யாரும் சொல்வதில்லை.

எங்கள் கப்பலில் நடுக்கடல் நாள் வந்தது. அக்கா பிடித்து வைத்த மேசை, மெழுகுவத்தி, அட்டையில் அச்சிட்ட மெனு. நடுவில் ஒரு வரி: சிறுதானிய விசேஷம், சாமையில் செய்தது, தனிக் கட்டணம். அக்கா பெருமையாக அம்மாவுக்கு அதையே சொல்லியிருந்தாள். பெரிய வெள்ளைத் தட்டின் நடுவே ஒரு கைப்பிடி வந்தது, மேலே ஒரு இலை. அம்மா ஒரு வாய் தின்றாள். மெல்ல மென்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சர்வர் பையனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, "தம்பி, வெள்ளச் சோறு இருக்குமா? ரசம் இருந்தாலும் கொஞ்சம் கொண்டாப்பா" என்றாள்.