அடி விழும் கணத்தில் மூடிய கண்

2010 அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோது, குத்துச்சண்டைக்குத் தல்கடோரா உள்ளரங்கம் களமாயிற்று. கரோல் பாகிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குடியரசுத் தலைவர் மாளிகையை அடுத்துள்ள அரங்கம் அது. மேடையோரம் அமர்ந்திருந்த ஒளிப்படக் கலைஞர்கள் ஒவ்வொரு குத்துக்கும் மிக அருகில் இருந்தவர்கள். ஆனால் தாம் பதிவுசெய்த கணத்தை அவர்கள் பார்த்திருக்க முடியாது.

காரணம், அக்காலத் தொழில்முறைக் கேமராவின் கண்ணாடி. லென்ஸ் வழி வரும் ஒளியை எடுப்பவரின் கண்ணுக்குத் திருப்புவது அது. பொத்தானை அழுத்தியதும் மேலே எழுந்து, ஒளியை உள்ளே விடும். அந்நேரம் கண்ணுக்கு இருட்டே மிஞ்சும். குத்து விழுந்ததைத் துளைவழி கண்டால் படம் தவறிவிட்டது என்று பொருள். ஆகவே தோளின் அசைவையும் கால் மாறுவதையும் வைத்து, அடியை முன்கூட்டியே ஊகிப்பதே தொழிலாயிற்று. ஒருவகையில் எதிரே நிற்கும் வீரன் கற்கும் பாடமும் அதுதான்.

இக்குறையைத் தீர்க்க முயன்ற வரலாறு நீண்டது. 1954இல் வந்த அசாஹிஃப்ளெக்ஸ் 2பி, எழுந்த கண்ணாடியை உடனே இறங்கச் செய்தது. 1965இல் கேனன் பெலிக்ஸ் அசையாத, பாதி ஊடுருவும் கண்ணாடியைப் பொருத்தியது. இருட்டு அகன்றது, ஆனால் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாயிற்று. உள்ளரங்கப் போட்டிக்கு அது கட்டுப்படியாகாத விலை.

2008இல் பானசோனிக் ஜி1 கண்ணாடியையே நீக்கியது. ‘மிரர்லெஸ்’ என்ற பெயர் விந்தையானது. கம்பியில்லாத் தந்தியைப் போல, இல்லாத உறுப்பால் அறியப்படும் கருவி. 1925இல் விற்பனைக்கு வந்த லைகாவிலும் கண்ணாடி இல்லை. அதை யாரும் அப்படி அழைக்கவில்லை. கண்ணாடி கோலோச்சிய பிறகே அதன் இன்மை பெயராயிற்று. 2017இல் சோனி ஏ9, நொடிக்கு 20 படங்களை இருட்டின்றி, ஓசையுமின்றி எடுத்துக் காட்டியது. அடி விழும் கணம் போட்டிக் களத்தில் எடுப்பவர் கண்ணுக்கும் தடையின்றிக் கிட்டியது எனலாம்.

ஆனால் மின்னணு ஷட்டர் காட்சியை வரிவரியாகப் படிக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே பொருள் நகர்ந்துவிட்டால் உருவம் கோணும். இக்கோணல் புதிதன்று, லார்டீக் 1910களில் எடுத்த பந்தயக் கார்ப் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகச் சாய்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். குத்துச்சண்டைக் கையுறையில் இது அவ்வளவாகத் தெரியாது. சிலம்பத்தில் தெரியும். சுழலும் நேரான கம்பு வில்லாய் வளைந்து பதிவாகும். படத்தைப் பார்த்து வீச்சின் கோணத்தைக் கற்கும் மாணவனுக்கு அது பொய்ச்சாட்சி.

2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்புதான், எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் படிக்கும் ஏ9 3 அறிவிக்கப்பட்டிருந்தது. அதன் விலை பல லட்சம். உள்ளூர்ப் பள்ளிகளின் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பப் போட்டிகளைப் படமெடுத்துப் பிழைப்பவர்க்கு அது எட்டாது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலேயே வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர் பெற்ற கரோல் பாகின் கஃபார் மார்க்கெட் போன்ற கடைத்தெருக்களை நாடுவோர் அவர்கள். கண்ணாடி வைத்த பழைய கேமராவே அவர்களில் பலர் கைக்கு வருகிறது. விலை குறைந்த மிரர்லெஸ் வாங்கியவரும், கம்பு சுழலத் தொடங்கினால், ஓசையெழுப்பும் பழைய இயந்திர ஷட்டருக்கே மாற்றிக்கொள்கிறார்.