அரிய ஏடுகளைக் கையாளும் ஒழுங்குகள்

இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள கேட்பரி ஆய்வு நூலகத்தில், ஹிஜாஸி எழுத்தில் அமைந்த இரண்டு குர்ஆன் தோல் ஏடுகள் உள்ளன. கஹ்ஃப், மர்யம், தாஹா சூராக்களின் பகுதிகள் அவற்றில் இடம்பெற்றுள்ளன. கரிமச் சோதனை அத்தோலின் காலத்தை கி.பி. 568க்கும் 645க்கும் இடைப்பட்டதாகக் கணித்தது. 2015 ஜூலையில் இது அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அவை பிற்கால முஸ்ஹஃப் ஒன்றின் ஏடுகளோடு தவறுதலாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஓர் ஆய்வு மாணவி கூர்ந்து கவனித்ததால் வேறுபாடு தெரிந்தது.

இப்படிப்பட்ட பொக்கிஷங்களைப் பார்க்கச் செல்வோர் பேண வேண்டிய பொதுவான ஒழுங்குகள்:

* முன்பதிவு செய்ய வேண்டும். ஆய்வுக்கு டிஜிட்டல் படியே போதுமானால் அதையே கேட்கலாம்.

* பை, உணவு, தண்ணீர் வெளியிலேயே இருக்கட்டும். பேனா கூடாது, பென்சில் மட்டுமே. மைக்கறையை நீக்குவது கடினம்.

* ஒளுச் செய்த கையானாலும் நன்கு உலர்ந்த பிறகே தொட வேண்டும். ஏடுகளுக்குப் பெரும்பாலும் கையுறை தேவையில்லை; அது விரலின் உணர்வை மங்கச் செய்து ஓரங்களைக் கிழித்துவிடும். புகைப்படங்களுக்குக் கையுறை அவசியம்.

* எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. நூலை முழுதாக விரித்து அழுத்தாமல், நுரைத் தாங்கியில் வைத்துப் படிக்க வேண்டும்.

* ஏடுகளின் வரிசை தவறாகத் தெரிந்தாலும் நாமே மாற்றக் கூடாது. நூலகரிடம் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு அலமாரிகளிலும் பாட்டனார் ஓதிய அரபுத்தமிழ் கிதாபுகள் இருக்கலாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். ஈரமில்லாத இடத்தில் பத்திரப்படுத்துங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் புரட்டிப் பார்ப்பார்கள்.