இருவர் காத்த மைதானம்



பள்ளிக் கைப்பந்துக் குழுவிற்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் முதலில் பார்ப்பது உயரத்தை. அடுத்து, ஓங்கி அடிக்கும் கையை. நானும் அவ்வாறே தேர்ந்தெடுத்தவன். எந்தப் பந்தையும் தவறவிடாத சிறுவன் ஒருவனை, குள்ளம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அமெரிக்க ஆடவர் அணியின் வரலாற்றைப் படித்தபோது அவன் முகமே நினைவுக்கு வந்தது.

1968 ஒலிம்பிக்கில் அவ்வணிக்குப் பயிற்சியளித்த ஜிம் கோல்மன், ஆட்டத்தைப் புள்ளிகளால் அளந்த முன்னோடிகளுள் ஒருவர். சர்வீஸை ஏற்பவருக்கு இன்றும் பல பயிற்றுநர்கள் இடும் கணக்கு எளிது. செட்டர் எவருக்கு வேண்டுமானாலும் பந்தைத் தூக்கிக் கொடுக்கலாம் என்றால் 3. வழிகள் குறைந்தால் 2. ஒரே வழிதான் என்றால் 1. பந்து வீணானால் 0. ஏற்றவரின் உடல் நளினம் இங்குப் பொருட்டன்று. அடுத்துப் பந்தைத் தொடுபவருக்கு என்ன கிட்டியது என்பதே கேள்வி.

பின்னர்ப் பயிற்றுநரான டக் பீல் இன்னும் துணிந்தார். ஐவர் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்தைப் போல் நின்று சர்வீஸை ஏற்பதே அக்கால வழக்கம். அவரோ அப்பணியைக் கார்ச் கிராய், ஆல்டிஸ் பெர்சின்ஸ் ஆகிய இருவரிடம் மட்டுமே ஒப்படைத்தார். 81 சதுர மீட்டர் பரப்பில் ஆளுக்கு ஏறத்தாழ 40! அதற்குக் கால்வேகம் மட்டும் போதாது. எதிரணியினரின் தோளையும் கையையும் கண்டே பந்து விழுமிடத்தை உணர வேண்டும்; ‘இது யார் பந்து’ என்ற தயக்கம் இருவருக்கிடையே எழக்கூடாது. ஏற்ற கையோடு ஓடிச்சென்று தாக்கவும் வேண்டும். ஏற்கும் சுமை நீங்கிய மற்றவர்கள் தாக்குதலிலேயே கருத்தூன்றினர்.

1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் முதற்சுற்றில் பிரேசிலிடம் தோற்ற அவ்வணி, இறுதியாட்டத்தில் அதே பிரேசிலை 3–0 என வென்று தங்கம் பெற்றது. சோவியத் அணி அப்போட்டியைப் புறக்கணித்ததால் சிலர் அவ்வெற்றியைக் குறைத்து மதிப்பிடுவதுண்டு. ஆனால் 1986 உலகச் சாம்பியன்ஷிப் போட்டியிலும் 1988 சியோல் ஒலிம்பிக்கிலும், மார்வ் டன்ஃபியின் பயிற்சியில், அமெரிக்கா இறுதியாட்டத்தில் வீழ்த்தியது அதே சோவியத் அணியைத்தான்.

1998-இல் அனைத்துலகக் கைப்பந்துச் சம்மேளனம் ‘லிபரோ’ என்னும் ஆட்டக்காரரை அறிமுகப்படுத்தியது. அவர் சர்வீஸை ஏற்பார், விழும் பந்தை மீட்பார். வலையருகே தடுக்க அவருக்கு அனுமதியில்லை. குள்ளமானவர்களுக்கும் குழுவில் ஓரிடம் அன்றுதான் விதிநூலிலேயே கிடைத்தது.